ஐ லவ் லூசி: 1000 டாலர் சம்பள வெட்டுல பொறந்த ரீரன்

ஐ லவ் லூசி 1950கள்ல அமெரிக்காவுல ஓடின ஒரு டிவி காமெடி ஷோ. அதைப் பார்த்தவங்க யாரைக் கேட்டாலும் முதல்ல சொல்றது அந்த ஹார்ட்டைப் பத்தி தான். பளபளன்னு ஒரு சாட்டின் துணி, அது மேல ஒரு இதயம், அதுக்குள்ள வளைச்சு வளைச்சு எழுதின பேரு, பின்னாடி அந்த மியூசிக். பழைய அமெரிக்க டிவி பத்தி யார் டாக்குமெண்டரி எடுத்தாலும் அந்த ஷாட் எங்கயாவது வந்துடும். ஆனா 1951 அக்டோபர் 15, திங்கக்கிழமை ராத்திரி 9 மணிக்கு சிபிஎஸ் நெட்வொர்க்ல முதல் எபிசோட் ஓடினப்போ வீட்ல உக்காந்து பார்த்தவங்க ஒருத்தர் கண்ணுலயும் அந்த ஹார்ட் படல. அவங்க பார்த்தது கார்ட்டூன். குச்சி குச்சியா கை கால் வச்ச ஒரு லூசி, ஒரு டெஸி (ஷோல புருஷன் பொண்டாட்டியா நடிச்ச லூசில் பால், டெஸி ஆர்னஸ்), ரெண்டு பேரும் பிலிப் மாரிஸ் சிகரெட்டை வச்சு சேட்டை பண்ணிட்டு இருப்பாங்க. ஏன்னா காசு போட்டது அந்த சிகரெட் கம்பெனி. பின்னாடி அந்த கம்பெனி விலகிப் போய், அதே எபிசோடுங்களை மறுபடி மறுபடி போட ஆரம்பிச்சப்போ ஊருக்கெல்லாம் ஓசில சிகரெட் விளம்பரம் காட்ட முடியாதே, அதை வெட்டிட்டு அந்த இடத்துல ஒட்டினது தான் ஹார்ட்.

அதாவது எல்லார் மனசுலயும் நிக்கிற அந்த முகம் ஒரிஜினல் ஷோவோட முகம் இல்ல, ரீரனோட, அதாவது மறுஒளிபரப்போட முகம். அந்த ஷோவே இன்னைக்கு ஞாபகத்துல இருக்குன்னா அதுவும் ரீரனால தான். லூசியை விட நல்லா காமெடி பண்ண ஆளுங்க அந்தக் காலத்து டிவில இல்லையான்னு கேட்டா இருந்திருப்பாங்க, ஆனா அவங்க வேலை பாதி அழிஞ்சு போச்சு, லூசி அழியல. அதுக்குக் காரணம் திறமை மட்டும் இல்ல, ஒரு பிடிவாதம், ஒரு சம்பள வெட்டு, அப்புறம் நெகட்டிவ், அதாவது ஒரிஜினல் ஃபிலிம், யார் கையில இருக்குங்கிற கேள்வி.

இது புரியணும்னா 1951ல அமெரிக்காவுல டிவி எப்படி ஓடுச்சுன்னு தெரியணும். பெரிய ஷோ எல்லாம் நியூயார்க்ல இருந்து லைவ். டிவி வச்சிருந்த வீடுங்க பெரும்பாலும் கிழக்குப் பக்கமும் மத்தியப் பகுதியிலயும் தான், விளம்பர ஏஜென்சிங்க ஆபீசும் நியூயார்க்ல தான், அதனால நடிகர்களும் அங்க தான் இருக்கணும். கிழக்கையும் மேற்கையும் நேரா இணைக்கிற லைனே 1951 செப்டம்பர்ல தான் வேலை செய்ய ஆரம்பிச்சுச்சு. அதுவரைக்கும் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கிறவங்க நியூயார்க் ஷோவை எப்படிப் பார்த்தாங்கன்னா கினஸ்கோப்ல. ஷோ லைவா ஓடிட்டு இருக்கும்போதே ஒரு டிவி மானிட்டர் முன்னாடி ஃபிலிம் கேமராவை வச்சு அந்தத் திரையையே படம் எடுப்பாங்க, இப்ப நாம டிவில ஓடுறதை செல்போன்ல எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புற மாதிரி தான், கலங்கலா, ஓரம் எல்லாம் இருட்டா, மூஞ்சி மங்கலா. அந்த ஃபிலிமை அனுப்பி வைப்பாங்க, மேற்குப் பக்கம் இருக்கிறவன் சில நாள் கழிச்சு அந்தக் கலங்கலைப் பார்த்து சிரிச்சுக்கணும்.

அந்த கினஸ்கோப்பை யாராவது பத்திரமா வச்சாங்களான்னா, இல்ல. ஒரு தடவை ஓடியாச்சு, முடிஞ்சது கதை. ஃபிலிம்ல இருக்கிற வெள்ளியை எடுக்கிறதுக்காக அழிச்சது ஒரு பக்கம், இடம் அடைக்குதுன்னு தூக்கிப் போட்டது இன்னொரு பக்கம். ட்யூமாண்ட்னு ஒரு நெட்வொர்க் இருந்துச்சு, 1956ல மூடிட்டாங்க. அங்க வேலை பார்த்த நடிகை எடி ஆடம்ஸ் 1996ல அமெரிக்க லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நடத்தின விசாரணையில ஒரு விஷயம் சொன்னாங்க: 1970கள் ஆரம்பத்துல அந்த கம்பெனி கை மாறுறப்போ மிச்சமிருந்த கினஸ்கோப்புங்களை யார் பராமரிக்கிறதுன்னு பிரச்சனை வந்துச்சாம், ஒரு வக்கீல் நான் பார்த்துக்கிறேன்னு சொல்லிட்டு பெரிய ட்ரக்குங்கள்ல ஏத்தி, படகுல மாத்தி, நியூயார்க் துறைமுகத்துத் தண்ணில கொட்டிட்டாராம். ஒரு நெட்வொர்க்கோட வரலாறு முழுக்க சுதந்திர தேவி சிலைக்கு கொஞ்சம் தள்ளி தண்ணிக்கு அடியில. 1956ல ஆம்பெக்ஸ் வீடியோ டேப் வந்த பிறகாவது நிலைமை மாறிச்சான்னா அதுவும் இல்ல, டேப் விலை அதிகம்னு அதுலயே அழிச்சு அழிச்சு மறுபடி ரெக்கார்ட் பண்ணாங்க. ராத்திரி நேர பேட்டி நிகழ்ச்சியான டுநைட் ஷோவை ஜானி கார்சன் 1962ல எடுத்துக்கிட்டார், அவரோட முதல் 10 வருஷ நியூயார்க் எபிசோடுங்க பெரும்பாலானது இப்படித் தான் போச்சு. 1967ல நடந்த முதல் சூப்பர் பவுல், அதாவது அமெரிக்க ஃபுட்பால் ஃபைனல் மேட்சை ரெண்டு நெட்வொர்க் ஒளிபரப்பினாங்க, ரெண்டு பேரும் முழு டேப்பை வச்சுக்கல!

இந்த சூழ்நிலைல தான் லூசில் பால் வர்றாங்க. 1911ல நியூயார்க் மாநிலத்துல ஜேம்ஸ்டவுன்ல பொறந்தவங்க, ஹாலிவுட்ல ஆர்கேஓ ஸ்டூடியோல வருஷக்கணக்கா சின்னச் சின்ன படத்துல நடிச்சு, பெரிய ஸ்டாராகாமலே 40 வயசைத் தொட்டவங்க. அந்த சிவப்பு முடி கூட நிஜம் இல்ல, இயற்கைல பழுப்பு, எம்ஜிஎம்ங்கிற இன்னொரு ஸ்டூடியோவுக்குப் போனப்போ சாயம் போட்டு விட்டது. 1948ல இருந்து சிபிஎஸ் ரேடியோல மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்னு ஒரு காமெடி, அங்க ஆடியன்ஸ் முன்னாடி மைக்ல பேசும்போது தான் இந்த அம்மாவுக்கு கூட்டம் இருந்தா வேற லெவல்னு எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு. சிபிஎஸ் அதை டிவிக்கு மாத்தலாம்னு கேட்டாங்க. லூசில் சரின்னு சொன்னாங்க, ஆனா புருஷனா நடிக்கிறது என் சொந்தப் புருஷனா இருக்கணும்னு ஒரே பிடி.

அந்தப் புருஷன் டெஸி ஆர்னஸ். கியூபாவுல சாண்டியாகோ ஊர்ல பொறந்தவர், அப்பா அந்த ஊரு மேயர், 1933ல அங்க புரட்சி வந்து சொத்தெல்லாம் போய் மயாமிக்கு ஓடி வந்த குடும்பம். இங்க வந்து பாட்டு, காங்கா டிரம், சொந்தமா பேண்ட்னு மேல வந்தவர். ரெண்டு பேரும் 1940ல ஒரு ஆர்கேஓ படத்துல சந்திச்சு அதே வருஷம் நவம்பர்ல கல்யாணம். இவர் பேண்டோட ஊர் ஊரா சுத்த, அந்தம்மா ஸ்டூடியோல இருக்க, கல்யாணம் ஆடிட்டு இருந்துச்சு, அதைக் காப்பாத்தத் தான் ஒரே ஷோல சேர்ந்து வேலை செய்யணும்னு லூசில் நினைச்சாங்க. சிபிஎஸ் ஆளுங்க தலையைச் சொறிஞ்சாங்க. ஒரு அமெரிக்கப் பொண்ணுக்கு இப்படி கொச்சையா இங்கிலீஷ் பேசற கியூபாக்காரன் புருஷன்னு சொன்னா ஜனங்க நம்ப மாட்டாங்கன்னு. நிஜத்துல 10 வருஷமா புருஷன் பொண்டாட்டியா இருக்கிறவங்ககிட்டயே இதைச் சொல்றாங்க பாருங்க. சரி ஜனங்களையே கேட்டுடலாம்னு ரெண்டு பேரும் 1950ல மேடை நிகழ்ச்சி போட்டு ஊர் ஊரா போனாங்க. பெப்பிட்டோன்னு ஒரு ஸ்பெயின் நாட்டு கோமாளி செல்லோவை வச்சு பண்ற காமெடி எல்லாம் சொல்லிக் குடுத்தார். கூட்டம் அள்ளுச்சு. சிபிஎஸ் வாயடைச்சுது.

இப்ப தான் முக்கியமான கட்டம். பிலிப் மாரிஸ் ஸ்பான்சர்னு முடிவாகி எல்லாம் சரியா போயிட்டு இருக்கும்போது விளம்பர ஏஜென்சில இருந்து கேட்டாங்க, எப்போ நியூயார்க் வர்றீங்கன்னு. வரலைன்னாங்க இவங்க. வீடு கலிஃபோர்னியால, முதல் குழந்தை வேற வர்ற நேரம் (1951 ஜூலைல பொறந்துச்சு), எதுக்கு வரணும். அப்போ ஹாலிவுட்ல இருந்து லைவா பண்ணி கிழக்குப் பக்கத்துக்கு கினஸ்கோப் அனுப்பட்டுமான்னா ஸ்பான்சருக்கு அது ஆகாது, சிகரெட் பிடிக்கிறவன் கூட்டம் எங்க இருக்கோ அங்க கலங்கலா தெரிஞ்சா அவங்களுக்கு என்ன லாபம். டெஸி சொன்ன வழி: ஃபிலிம்ல எடுத்துடலாம், சினிமா மாதிரி 35 மிமீ, எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி சுத்தமா தெரியும். செலவு கூடும். யார் குடுக்கிறது? நெட்வொர்க் கொஞ்சம், ஸ்பான்சர் கொஞ்சம், மிச்சத்துக்கு நீங்க ரெண்டு பேரும் வாரத்துக்கு 1000 டாலர் சம்பளத்தைக் குறைச்சுக்கோங்கன்னாங்க. டெஸி ஒத்துக்கிட்டார், ஆனா பதிலுக்கு ஒண்ணு கேட்டார், ஷோ ஓடி முடிஞ்ச பிறகு அந்த ஃபிலிம் எங்க கம்பெனிக்கு சொந்தம். கம்பெனி பேரு டெஸிலூ, ரெண்டு பேர் பேரையும் ஒட்டினது.

சிபிஎஸ் குடுத்துட்டாங்க. இதை இன்னைக்கு உக்காந்து பார்த்து எவ்வளவு முட்டாள்தனம்னு சிரிக்கிறது சுலபம், ஆனா அவங்க நிலைமைல நின்னு பாருங்க, ஒரு தடவை ஓடின ஷோவை யார் மறுபடி பார்ப்பா? பழைய நியூஸ் பேப்பரை எனக்கே குடுங்கன்னு ஒருத்தன் கேட்டா எடுத்துட்டுப் போப்பான்னு தானே சொல்லுவோம். டெஸிக்கு மட்டும் எதிர்காலம் எல்லாம் தெரிஞ்சிருந்துச்சுன்னு எழுதுறவங்க இருக்காங்க, எனக்கு அப்படித் தோணல. சம்பளத்தைக் குறைச்சா பதிலுக்கு கையில ஏதாவது ஒண்ணு வாங்கிக்கணும்னு ஒரு வியாபாரி புத்தி, அவ்வளவு தான். சொத்து ஒரே நாள்ல போனதைப் பார்த்த குடும்பத்துப் பையன் வேற.

ஒத்துக்கிட்டாச்சு, ஆனா எடுக்கிறது எப்படி? லூசிலுக்கு ஆடியன்ஸ் வேணும். சினிமா எடுக்கிற முறைல ஆடியன்ஸுக்கு இடமே கிடையாது, ஒரு கேமரா, ஒரு ஷாட், வெட்டு, லைட்டை மாத்து, அரை மணி நேரம் நில்லு, அதே வசனத்தை குளோசப்ல மறுபடி சொல்லு. எந்தக் கூட்டம் உக்காந்து சிரிக்கும்? அதனால மூணு ஃபிலிம் கேமராவை ஒரே நேரத்துல ஓட விடுறது, நடுவுல ஒண்ணு முழு செட்டையும் பிடிக்கும், ரெண்டு பக்கமும் இருக்கிறது குளோசப் பிடிக்கும், நாடகம் மாதிரி நிக்காம நடிச்சுட்டே போகலாம். இதை டெஸி தான் கண்டுபிடிச்சார்னு நெட்ல எல்லா இடத்துலயும் எழுதியிருக்கும். தப்பு. ஜெர்ரி ஃபேர்பேங்க்ஸ்னு ஒருத்தர் அதுக்கு முன்னாடியே டிவிக்கு பல கேமரா வச்சு ஃபிலிம் எடுத்திருக்கார், ரால்ஃப் எட்வர்ட்ஸோட ஒரு கேம் ஷோவும் 1950ல அப்படித் தான் எடுத்தாங்க, அங்க வேலை பார்த்த ஆல் சைமனைத் தான் டெஸிலூ கூட்டிட்டு வந்துச்சு. டெஸி பண்ணது வேற, அதை ஒரு முழு காமெடி நாடகத்துக்கு, நிஜ ஆடியன்ஸ் முன்னாடி, வாரா வாரம் ஓடற ஒரு ஃபேக்டரி மாதிரி ஆக்கினது. அது என்ன சின்ன வேலையா.

லைட்டிங்குக்கு அவர் பிடிச்ச ஆள் கார்ல் ஃபிராய்ண்ட். யாருன்னா, ஜெர்மனில 1927ல மெட்ரோபோலிஸ் படத்துக்கு கேமரா பண்ணவங்கள்ல ஒருத்தர், 1931 டிராகுலாவுக்கும் அவர் தான், ஆஸ்கர் வாங்கினவர். அப்படிப்பட்டவர் நிழலை வச்சு வித்தை காட்டினவர், அவரைக் கூட்டிட்டு வந்து நிழலே இருக்கக் கூடாது, எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி வெளிச்சம் இருக்கணும்னு சொன்னா எப்படி இருக்கும்? முடியாதுன்னு தான் முதல்ல சொன்னாராம். அப்புறம் அதையே சவாலா எடுத்துக்கிட்டு லைட்டை எல்லாம் மேல தொங்க விட்டு, கேமரா மேலயே சின்ன லைட் வச்சு கண்ணுக்கு கீழ விழற நிழலை எடுத்து, செட்டுக்கு சாம்பல் நிறத்துலயே பல ஷேடு பெயிண்ட் அடிச்சு கொண்டு வந்தார். தரைல லைட் ஸ்டாண்டு, ஒயர் எதுவும் இல்லாததால கேமராங்க தாராளமா நகரலாம், ஆடியன்ஸுக்கும் மறைக்காது. இப்ப ஃப்ரெண்ட்ஸ், பிக் பேங் தியரி எல்லாம் பார்க்கும்போது சோஃபா ரூம் முழுக்க ஒரே மாதிரி பளிச்னு இருக்கும் பாருங்க, நிழலே இல்லாம, அது அந்த ஜெர்மன்காரர் வேலையோட தொடர்ச்சி தான்.

ஸ்டூடியோ சுவத்தை இடிச்சு தெருப் பக்கம் வாசல் வச்சு, 300 பேர் உக்கார்ற மாதிரி கேலரி கட்டினாங்க. 1951 செப்டம்பர் 8, முதல் ஷூட்டிங். ஆடியன்ஸ் வந்து நிக்குது, அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் ஒருத்தர் பெண்களுக்கு பாத்ரூம் இல்லாம ஆளை உள்ள விட முடியாதுன்னுட்டார். கிட்டத்துல இருந்த ஒரே பாத்ரூம் லூசிலோடது. என்னோடதைக் குடுங்கன்னு சொல்லிட்டாங்க, ஷூட்டிங் நடந்துச்சு. அன்னைக்கு எடுத்தது டெலிகாஸ்ட்ல நாலாவதா வந்த எபிசோட், கதைல புருஷனா வர்ற ரிக்கி (டெஸி வேஷம்) தன்னைக் கொல்லப் பார்க்கிறான்னு லூசி பயப்படுவாளே அது.

எடிட்டிங்ல வேற தலைவலி. மூணு ஃபிலிமையும் ஒரே நேரத்துல ஓட விட்டு எந்த இடத்துல எந்த கேமராவுக்கு மாறணும்னு பார்க்கணும், அப்ப இருந்த மூவியோலா மெஷின்ல ஒரு திரை தான். அதனால பல தலை வச்ச ஒரு மெஷினை தயார் பண்ணாங்க, எடிட்டர் டேன் கானும் அவர் ஆளுங்களும் அதுக்கு வச்ச பேரு பூதம். சிரிப்புச் சத்தம் ஆடியன்ஸ் தலைக்கு மேல தொங்கின மைக்ல பிடிச்சது. உன்னிப்பா கேட்டீங்கன்னா லூசி ஏதோ வம்புல மாட்டப் போறான்னு தெரியும்போது ஒரு பொம்பளைக் குரல் அய்யய்யோங்கிற மாதிரி "அ-ஓ"ன்னு வரும், அது லூசிலோட அம்மா டீடீ, எல்லா ஷூட்டிங்குக்கும் வந்து உக்காந்துடுவாங்க.

இந்த முறை ஏன் லூசிலுக்கு அப்படிப் பொருந்துச்சுன்னு பார்க்க 1952 செப்டம்பர் 15 வந்த சாக்லேட் ஃபேக்டரி எபிசோடை எடுங்க. லூசியும் கதைல அவ தோழியா வர்ற எத்தலும் கன்வேயர் பெல்ட்ல வர்ற சாக்லேட்டுக்கு பேப்பர் சுத்தணும், ஒண்ணு விடக் கூடாது. முதல்ல மெதுவா வரும், ரெண்டு பேரும் இது ஒரு வேலையான்னு பார்த்துப்பாங்க. அப்புறம் வேகம் கூடும். சுத்த முடியல, வாயில போடுறாங்க, சட்டைக்குள்ள, தொப்பிக்குள்ள, சூப்பர்வைசர் வந்து பார்த்து சபாஷ்னு சொல்லிட்டு இன்னும் வேகமா விடுன்னு கத்துறாங்க. இந்த சீனை வெட்டி வெட்டி எடுத்தா செத்துடும், ஏன்னா வாயில அடைச்ச சாக்லேட்டோட அடுத்த செகண்ட் முழி எப்படிப் போகும்னு நடிக்கிறவங்களுக்கே முன்கூட்டித் தெரியாது. அதே எபிசோடுல சாக்லேட்ல முக்கி எடுக்கிற வேலைக்கு லூசில் பக்கத்துல இருந்தது நடிகை இல்ல, நிஜமாவே சாக்லேட் கம்பெனில வேலை பார்த்த பெண். முகத்துல அடிக்கணும்னு சீன்ல இருந்துச்சு, அந்தப் பெண் நிஜமாவே பளார்னு விட்டாங்க, லூசில் நிறுத்தாம தொடர்ந்தாங்க, படத்துல இருக்கிறது அதே தான்.

அப்ப ரீரன் எங்க வருதுன்னு கேட்கலாம், இங்க தான். 1952ல லூசில் மறுபடி கர்ப்பம். அந்தக் காலத்து டிவில கர்ப்பமான பெண்ணைக் காட்டுறதே பெரிய விஷயம், நாற்காலிக்குப் பின்னாடி மறைச்சு எடுங்கன்னு சொல்லிப் பார்த்தாங்க. டெஸி நேரா பிலிப் மாரிஸ் தலைவருக்கே கடிதம் எழுதினார், அவர் தன் ஆளுங்களுக்கு அந்த கியூபாக்காரர்கிட்ட வம்பு வச்சுக்காதீங்கன்னு மெமோ போட்டார்னு டெஸி தன் புத்தகத்துல எழுதியிருக்கார், ஒரிஜினல் வார்த்தை இன்னும் காரம். கதைலயே லூசி கர்ப்பமாகிறதா வச்சாங்க, ஆனா கர்ப்பம்னு நேரா சொல்ற வார்த்தைக்கு தடை. ஒரு பாதிரியார், ஒரு பாஸ்டர், ஒரு யூத ரபை மூணு பேரும் ஸ்கிரிப்டைப் படிச்சு ஓகே பண்ணுவாங்க. 1953 ஜனவரி 19 திங்கக்கிழமை காலைல லூசிலுக்கு சிசேரியன்ல பையன் பொறந்தான், அன்னைக்கு ராத்திரியே டிவில லூசிக்கும் பையன். 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தாங்க, டிவி இருந்த வீடுங்கள்ல 100க்கு 70க்கு மேல. மறுநாள் ஐசனோவர் ஜனாதிபதியா பதவியேத்தார், அதை டிவில பார்த்தவங்க சுமார் 2 கோடியே 90 லட்சம். அந்தக் குழந்தை தான் அதே வருஷம் ஏப்ரல்ல டிவி கைடு பத்திரிகையோட முதல் தேசிய இதழ் அட்டைல.

இதெல்லாம் எல்லாரும் சொல்ற கதை. என்னைக் கேட்டா அதை விட முக்கியமானது ஓரமா நடந்துச்சு. பிரசவத்துக்கு முன்னயும் பின்னயும் லூசிலால வாரா வாரம் நடிக்க முடியாது. சில எபிசோடை முன்கூட்டியே எடுத்து வச்சாங்க, ஆனாலும் பத்தல. அதுவரைக்கும் வழக்கம் என்னன்னா ஒரு ஷோ லீவுல போனா அந்த இடத்துல வேற ஷோ போடுவாங்க, 1952 கோடைல லூசி நேரத்துல மை லிட்டில் மார்ஜின்னு ஒண்ணு ஓடுச்சு. இந்தத் தடவை முதல் சீசன் எபிசோடுங்களையே எடுத்து, முன்னாடி இது நடந்துச்சே ஞாபகம் இருக்கான்னு பேசற மாதிரி புதுசா ஒரு சின்ன துண்டை எடுத்து ஒட்டி மறுபடி போட்டாங்க. ஃபிலிமா இருந்ததால தான் இது முடிஞ்சுச்சு, கினஸ்கோப்பா இருந்தா அந்தக் கலங்கலை நம்பர் ஒன் ஷோ இடத்துல எவன் போடுவான். ஜனங்க திட்டலை, ரேட்டிங் நல்லாவே வந்துச்சு. யோசிச்சா ஆச்சரியமே இல்ல, முதல் சீசன் ஓடினப்போ பல வீட்ல டிவியே இல்ல, அப்புறம் வாங்கினவங்களுக்கு அது புதுப் படம். பழைய பேப்பருக்கு விலை இருக்குன்னு அன்னைக்குத் தான் தெரிஞ்சுச்சு.

நடுவுல ஒரு கண்டம். 1936ல தாத்தாவைத் திருப்திப்படுத்த லூசில் கம்யூனிஸ்ட் கட்சி பேர்ல வாக்காளரா பதிவு பண்ணியிருந்தாங்க, 1953 செப்டம்பர்ல அது வெளில வந்துச்சு. பல பேர் தொழிலையே முடிச்ச குற்றச்சாட்டு அது. அன்னைக்கு ஷூட்டிங்ல டெஸி ஆடியன்ஸ் முன்னாடி வந்து, இவகிட்ட சிவப்பா இருக்கிறது முடி மட்டும் தான், அதுவும் ஒரிஜினல் இல்லைன்னார். கூட்டம் எழுந்து நின்னு கை தட்டுச்சு. நம்பர் ஒன் ஷோவா இருக்கிறவங்களுக்கு கிடைக்கிற மன்னிப்பு அது, சின்ன நடிகையா இருந்திருந்தா கிடைச்சிருக்காது.

அப்புறம் பணம். 1955ல பிலிப் மாரிஸ் விலகிட்டாங்க, காரணம் கேட்டா சிரிப்பு வரும், நாட்டோட நம்பர் ஒன் ஷோவை நடத்தியும் சிகரெட் வியாபாரம் ஏறல. 1957 மே மாசம் அரை மணி நேர ஷோ முடிஞ்சுச்சு, முடியும்போதும் ரேட்டிங்ல முதல் இடம். அந்த சமயத்துல டெஸிலூ 180 எபிசோடு நெகட்டிவை சிபிஎஸ்கிட்டயே வித்துச்சு, 40 லட்சத்துக்கு மேல, 50 லட்சம் டாலர்னும் சொல்லுவாங்க. சும்மா எடுத்துக்கோன்னு குடுத்ததை சில வருஷத்துல லட்சக்கணக்குல குடுத்து திரும்ப வாங்கினாங்க. ஆனா ஜெயிச்சது டெஸியான்னா அங்க கணக்கு உதைக்குது, ஏன்னா அதுக்கப்புறம் வந்த ரீரன் காசு எதுவும் டெஸிலூ பக்கம் வரல. அப்போ நல்ல விலை, பின்னாடி பார்த்தா கொள்ளை மலிவு.

அவங்க அந்தக் காசை வீணாக்கலங்கிறது வேற விஷயம். வாங்கினது ஆர்கேஓ ஸ்டூடியோவை, சுமார் 60 லட்சம் டாலருக்கு. லூசில் சின்ன வேஷத்துக்கு அலைஞ்ச அதே ஆர்கேஓ, ரெண்டு பேரும் முதல் முதல்ல சந்திச்ச இடம். 1960ல விவாகரத்து, 1962ல டெஸி பங்கை லூசில் வாங்கிட்டாங்க, பெரிய டிவி ஸ்டூடியோ ஒண்ணை ஒரு பெண் நடத்துறது அதுக்கு முன்னாடி இல்லாதது. அந்த ஸ்டூடியோல தான் ஸ்டார் ட்ரெக்ங்கிற விண்வெளி சீரியல் பொறந்துச்சு. முதல் பைலட்டை, அதாவது மாதிரி எபிசோடை, என்பிசி நெட்வொர்க் வேண்டாம்னு சொல்லிடுச்சு, ரெண்டாவது எடுங்கன்னுச்சு, டெஸிலூ போர்டுல இருந்தவங்க இவ்வளவு செலவு வேண்டாம்னு சொல்லியும் லூசில் எடுக்கச் சொன்னாங்க. ஒளிபரப்பான தேதி 1966 செப்டம்பர் 8, லூசி முதல் ஷூட்டிங் நடந்து சரியா 15 வருஷம். அன்னைக்கு ஓடின எபிசோடோட டைரக்டர் மார்க் டேனியல்ஸ். லூசியோட முதல் எபிசோடுக்கும் அவர் தான் டைரக்டர்! ஸ்டார் ட்ரெக்கும் ஓடினப்போ பெரிய ஹிட் இல்ல, 79 எபிசோடோட 1969ல நிறுத்திட்டாங்க, அதுக்கு உயிர் குடுத்ததும் உள்ளூர் சேனல்ல ஓடின ரீரன் தான். அதோட லாபமும் லூசிலுக்குப் போகல, 1967லயே டெஸிலூவை கல்ஃப் அண்ட் வெஸ்டர்னுக்கு 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு வித்தாச்சு, அப்புறம் அது பாரமவுண்டோட சேர்ந்துடுச்சு.

இதுல நடிகர்களுக்கு என்ன கிடைச்சுச்சுன்னு கேட்டா, லூசியை விட்டுட்டு இன்னொரு ஷோவைப் பார்க்கணும். ஜாக்கி கிளீசனோட ஹனிமூனர்ஸ், அதே ட்யூமாண்ட்ல சின்ன ஸ்கெட்சா ஆரம்பிச்சது, சிபிஎஸ்ல 1955-56ல தனி ஷோவா 39 எபிசோட் ஃபிலிம்ல எடுத்தாங்க. அந்த 39ஐத் தான் அமெரிக்கா இன்னைக்கு வரைக்கும் திரும்பத் திரும்பப் பார்க்குது. அதுல கிளீசனுக்கு பொண்டாட்டியா நடிச்ச ஆட்ரி மெடோஸுக்கு கூடப்பொறந்தவர் ஒருத்தர் வக்கீல், காண்ட்ராக்ட் போடும்போது மறுஒளிபரப்பு பண்ணா இவங்களுக்கும் பணம் தரணும்னு ஒரு வரி சேர்த்துட்டார். யாரும் கண்டுக்கல, பழைய ஷோவை யார் போடப் போறாங்கன்னு. அந்த 39 எபிசோடுக்கு ரீரன் பணம் வாங்கினது அந்தக் குழுவுல அவங்க ஒருத்தங்க தான். பக்கத்து வீட்டு ட்ரிக்ஸியா நடிச்ச ஜாய்ஸ் ராண்டால்ஃபுக்கு அதுல ஒரு காசு வரல, 1980கள்ல கிளீசன் தன் பெட்டகத்துல வச்சிருந்த பழைய கினஸ்கோப் ஸ்கெட்சுங்களை வெளில எடுத்து வித்தப்போ தான் அவங்களுக்கு ராயல்டின்னு ஏதோ வர ஆரம்பிச்சுச்சு.